சூளைக்குள் ஒரு சாட்சி

விருத்தாசலம் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? பழமலைநாதர் கோயில் என்பார் சிலர். மணிமுத்தாறு என்பார் சிலர். ரயிலில் அடிக்கடி போய்வருபவர்களுக்கு அது வண்டி மாறி ஏறும் ஜங்ஷன். ஆனால் உங்கள் வீட்டுக் கொலுப்படியில் நிற்கும் பீங்கான் பொம்மையும், பழைய மின்பலகையில் பியூஸ் மாட்டும் வெள்ளைக் கட்டையும் அந்த ஊரிலிருந்து வந்தவையாக இருக்கலாம். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும் இடத்தில் நல்ல களிமண்ணும் கிடைக்கிறது. களிமண் இருக்கும் இடத்தில் சூளை எழுவது இயல்பு. சிறு சிறு பீங்கான் பட்டறைகள் நிறைந்த தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் பயிலகமும் விருத்தாசலத்தில் உண்டு.

அத்தகைய பட்டறை ஒன்றிற்குள் நாம் நுழைவதாக வைத்துக் கொள்வோம். அங்கே மிகவும் விலையுயர்ந்த பொருள் எது? சூளை என்பீர்கள். சூளை பழுதானால் வேறு கட்டலாம். அச்சு உடைந்தால் பிளாஸ்டர் ஆப் பாரிசில் வேறு வார்க்கலாம். ஆனால் மேசை இழுப்பறையில் கோடு போட்ட ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கும். களி எத்தனை பங்கு, பெல்ஸ்பார் எத்தனை பங்கு, குவார்ட்ஸ் எத்தனை பங்கு, மேலே பூசும் பளபளப்புக் கலவைக்கு என்னென்ன, சூளையை எந்த மணிக்கு எவ்வளவு சூடேற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். பல ஆண்டுகள் பொருளைப் பாழாக்கிப் பாழாக்கிக் கற்ற பாடம் அது.

அந்த நோட்டுக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று சற்று யோசித்துப் பாருங்கள். போட்டியாளர் ஒருவர் அதைப் பார்த்துவிடலாம். அல்லது யாரோ ஒருவர், வேண்டுமென்றோ தவறுதலாகவோ, 12 என்பதை 21 என்று மாற்றிவிடலாம். அடுத்த சூளை முழுவதும் வீணாகும் வரை அது தெரியாது. அல்லது கரையான் அரித்துவிடலாம். முதலாவதில் இரகசியம் போயிற்று. இரண்டாவதில் செய்தியின் உண்மை கெட்டது. மூன்றாவதில் வேண்டிய நேரத்தில் செய்தி கிடைக்கவில்லை. உலகெங்கும் தகவல் பாதுகாப்பு பற்றி எழுதப்படும் தடித்த நூல்கள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றியே நிற்கின்றன. கணிப்பொறி வந்தது, நோட்டு கோப்பாக மாறியது, கரையானுக்குப் பதிலாக வேறொன்று அரிக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

பீங்கான் தொழிலுக்கும் இரகசியத்திற்கும் உள்ள உறவு மிகப் பழையது. பல நூற்றாண்டுகள் சீனர் மட்டுமே உண்மையான பீங்கானைச் செய்யத் தெரிந்தவர்களாக இருந்தனர். சீனாவின் ஜிங்டெஷென் நகரச் சூளைகளில் நடப்பதை அறிய ஐரோப்பா துடித்தது. ஆந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே பணிபுரிந்த கிறித்தவத் தொழிலாளர்களிடம் பேசிப் பேசி விவரம் சேகரித்து, 1712-லும் 1722-லும் நீண்ட கடிதங்களாக எழுதி அனுப்பினார். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டார், சொன்னார்கள்.

இதற்கிடையில் ஜெர்மனியில் பெட்கர் என்பவர், பொன் செய்யத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்து, சாக்சனி மன்னர் அகஸ்டசின் காவலில் சிக்கினார். பொன் வரவில்லை. ஆனால் 1708-ல், சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரின் வழிகாட்டலில் நடந்த சோதனைகளில், பீங்கான் வந்தது. 1710-ல் மைசன் நகரில், ஒரு மலைக்கோட்டைக்குள், தொழிற்சாலை தொடங்கியது. இரகசியம் காக்க அதைவிட நல்ல இடம் உண்டா? போதாததற்கு, களிக்கலவையின் முறை ஒருவருக்கும் மேற்பூச்சின் முறை வேறொருவருக்குமாகப் பிரித்துச் சொல்லப்பட்டது. முழுவதும் ஒரே மனிதருக்குத் தெரியக் கூடாது என்ற இந்த ஏற்பாடு இன்றும் நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பத்தாண்டு தாங்கவில்லை. 1719-ல் ஸ்டோல்ட்சல் என்ற தொழிலாளி வியன்னாவில் புதிதாகத் தொடங்கிய போட்டித் தொழிற்சாலைக்குச் சென்றுவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் அங்கும் தங்கவில்லை. சொன்ன ஊதியம் வரவில்லை என்று அடுத்த ஆண்டே மைசனுக்குத் திரும்பினார். திரும்புமுன் வியன்னாவிலிருந்த கலவைகளையும் அச்சுகளையும் பாழாக்கிவிட்டு, ஹெரோல்ட் என்ற திறமையான ஓவியரையும் உடன் அழைத்து வந்தார். ஒரே மனிதரின் மனக்குறை இரண்டு தொழிற்சாலைகளின் கதவுகளைத் திறந்துவிட்டது. கோட்டைச் சுவர் என்ன செய்யும்?

சரி, விருத்தாசலத்துக்குத் திரும்புவோம். இன்றைய சிறு பட்டறையில் கலவை முறை திருடு போவதைவிட நாள்தோறும் நடக்கக் கூடிய ஆபத்து வேறு. நான் சொல்லப் போவது கற்பனைப் பட்டறை. ஆனால் இவ்வகை மோசடி உலகெங்கும் நடந்துகொண்டிருக்கிறது.

பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறை. முதலாளி வெளியூர் சென்றிருக்கிறார். கணக்கு எழுதும் அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. பெல்ஸ்பார் அனுப்பும் வியாபாரியின் பெயர், அவருடைய முத்திரை, சரியான பில் எண், சரியான தொகை 1,80,000 ரூபாய், எல்லாம் இருக்கின்றன. கூடவே ஒரு வரி: "எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இம்முறை கீழ்க்கண்ட கணக்கிற்கு அனுப்பவும்." அக்கா அனுப்பிவிடுகிறார். மூன்று நாள் கழித்து உண்மையான வியாபாரி பணம் கேட்கிறார். மின்னஞ்சல் முகவரியை உற்றுப் பார்த்தால், ஆங்கில 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கின்றன. போன பணம் முதலாளியின் சேமிப்பு அல்ல. சனிக்கிழமை பன்னிரண்டு வீடுகளுக்குப் போக வேண்டிய கூலி அது.

இங்கே எந்தப் பூட்டு உடைந்தது? ஒன்றும் உடையவில்லை. அந்த மின்னஞ்சலில் வைரஸ் இல்லை. ஆகவே வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைப் பிடிக்காது. கடவுச்சொல் திருடு போகவில்லை. அக்கா கவனக்குறைவானவரும் அல்லர். தொகையும் பில் எண்ணும் சரியா என்று பார்த்துத்தான் அனுப்பினார். அப்படியானால் எங்கே தவறு?

இதற்கு விடை சூளைக்குள்ளேயே இருக்கிறது.

பீங்கான் சூளையின் வெப்பம் 1200 டிகிரி செல்சியசுக்கும் மேலே போகும். வெப்பத்தை அளக்க மின்வெப்பமானி உண்டு. வெளியே சுவரில் எண் தெரியும். ஆயினும் அனுபவமுள்ள சூளைக்காரர் அந்த எண்ணை மட்டும் நம்புவதில்லை. சுண்டுவிரல் அளவுள்ள சிறு கூம்புகளைச் செய்து பொருள்களுக்கு நடுவே நிறுத்தி வைப்பார். பீங்கானில் உள்ளவை போன்ற பொருள்களைக் கலந்தே அக்கூம்பும் செய்யப்படுகிறது. குறித்த அளவு வெப்பத்தைக் குறித்த நேரம் உண்டதும் அது மெல்லத் தலைகுனியும். சூளைக் கண் வழியாகப் பார்த்தால் தெரியும். 1886-ல் இதை முறைப்படுத்தியவர் ஹெர்மன் சேகர். பெயர் நம்மூர்ப் பெயர்போல் ஒலித்தாலும் அவர் ஜெர்மானிய வேதியியலாளர்.

மானியும் கூம்பும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. பின் இரண்டும் எதற்கு? மானியின் கம்பி பழுதாகலாம். எண் தவறாகலாம். ஆனால் மானியைக் கெடுத்த அதே பழுது கூம்பையும் கெடுக்காது. இரண்டும் வெவ்வேறு வழியில் உண்மையை அறிகின்றன. அதனால்தான் கூம்பு ஒரு சுதந்திரமான சாட்சி. அதே மானியின் எண்ணை இரண்டு முறை பார்ப்பது இரண்டு சாட்சி ஆகாது.

இப்போது அக்காவின் தவறைப் பாருங்கள். மின்னஞ்சலில் வந்ததை அந்த மின்னஞ்சலைக் கொண்டே சரிபார்த்தார். மானியைக் கொண்டு மானியைச் சோதித்தார். அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பழைய நோட்டில் எழுதியுள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, கணக்கு எண் மாறியிருக்கிறதாமே?" என்று கேட்பது. மின்னஞ்சலின் அடியில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு அழைத்தால் பயனில்லை. அதை எடுப்பவர் யார் என்று சொல்ல வேண்டுமா!

சாட்சி வாய்மூடிப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்ப ஸ்விப்ட் என்ற செய்தி வலையமைப்பைப் பயன்படுத்துகின்றன. 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் கணிப்பொறிகளுக்குள் புகுந்த திருடர்கள், ஏறத்தாழ 20 லட்சம் டாலர் அனுப்புமாறு மூன்று பொய்க் கட்டளைகளை அவ்வழியே அனுப்பினர். துபாய், துருக்கி, சீனா என மூன்று திசைக்கு. அனுப்பிய ஒவ்வொரு கட்டளைக்கும் ஒப்புகை வந்து வங்கியின் அச்சுப்பொறியில் தானாக அச்சாகும். ஆனால் அந்த அச்சுப்பொறியையே அவர்கள் செயலிழக்கச் செய்திருந்தனர். பின்னர் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் களவு வெளிப்பட்டது. ஐந்து லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது.

இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்காளதேச மத்திய வங்கியில் நடந்த பெருங்களவிலும் இதே கதைதான். அங்கும் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. வழக்கமான பழுது என்று எண்ணி விட்டுவிட்டார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போக இருந்த 2 கோடி டாலரை மட்டும் ஓர் எழுத்துப்பிழை காப்பாற்றியது. 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைத் திருடர்கள் 'ஃபேண்டேஷன்' என்று எழுதியிருந்தனர். இடையிலிருந்த வங்கி சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது. உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மகிழ்வார்.

வங்கிக்கும் பன்னிரண்டு பேர் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பட்டறையிலும் ஒரு சிறு அச்சுப்பொறி இருக்கிறது. பணம் போனால் வரும் குறுஞ்செய்திதான் அது. அச்செய்தி வரும் செல்பேசி எங்கோ மேசையில் கிடந்தாலும், செய்தி வருவது திடீரென்று நின்றுபோனாலும், சிம் வேலை செய்யாமல் போனாலும், அதை வெறும் பழுது என்று தள்ளிவிடக் கூடாது. சூளைக் கண்ணில் கூம்பு தெரியாவிட்டால் சூளைக்காரர் சும்மா இருப்பாரா?

பூட்டுகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெர்க்காப்ஸ் என்ற மொழியாசிரியர் இரகசியக் குறியீடுகளைப் பற்றி 1883-ல் ஒரு விதி கூறினார். பூட்டின் அமைப்பு பகைவனுக்குத் தெரிந்தாலும் சாவி தெரியாதவரை பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மைசன் இரகசியம் ஒரு முறை வெளியேறினால் திரும்ப அழைக்க முடியாது. சாவியோ மாற்றக் கூடியது. கடவுச்சொல் அத்தகைய சாவி. 26 ஆங்கில எழுத்துகளைக் கொண்டு, எந்த ஒழுங்குமின்றி, 8 எழுத்துக் கடவுச்சொல் அமைத்தால் 26-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். 20,882 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் வரும். பெரிய எண் என்று மயங்காதீர்கள். நொடிக்கு 100 கோடி முறை முயலும் கணிப்பொறி மூன்றரை நிமிடத்தில் எல்லாவற்றையும் முயன்றுவிடும். 12 எழுத்தென்றால் அதற்கு 3 ஆண்டு ஆகும். 16 எழுத்தென்றால் ஏறத்தாழ 13 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டு. நீளம்தான் வலிமை. ஆனால் ஊர்ப்பெயருடன் 123 சேர்த்து வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அதைத் திருடன் முதல் நிமிடத்திலேயே முயன்றிருப்பான்.

இனி, இவை எல்லாவற்றையும்விடக் கடினமானதற்கு வருவோம். பழைய எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும் என்று அக்காவுக்குத் தெரிந்தே இருந்திருக்கலாம். ஏன் அழைக்கவில்லை? "பணம் அனுப்பு என்றால் அனுப்ப வேண்டியதுதானே, என்ன கேள்வி?" என்று முன்பு ஒரு நாள் முதலாளி கடிந்துகொண்டிருக்கலாம். திருடனுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். அதனால்தான் அவன் முதலாளியின் படத்தை வைத்துக்கொண்டு, "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, உடனே அனுப்பு" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறான். அவசரமும் அதிகாரமும் சேர்ந்தால் சாட்சியைக் கூப்பிட நேரமில்லாமல் போகிறது. இப்போது குரலையே போலியாகச் செய்ய முடிகிறது என்பதால், வந்த அழைப்பை நம்புவதைவிட நாமே திரும்ப அழைப்பது முக்கியமாகிறது.

பீங்கான் பட்டறையில் சுட்டெடுத்த பொருளைக் கையில் எடுத்து விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. விரிசலைக் கண்டு சொல்லும் தொழிலாளியைத் திட்டினால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். விரிசல் பட்ட பியூஸ் கட்டை யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போய்விடும். கணக்கு எழுதும் அக்கா, "நான் தவறான இணைப்பைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது" என்று பத்தாவது நிமிடத்தில் சொல்வதும், பயந்து மூன்று நாள் மறைப்பதும் இரண்டு வெவ்வேறு உலகங்கள். திருடப்பட்ட பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. மணிக்கணக்கில் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும். சிதறுமுன் சொன்னால் வங்கி நிறுத்தி வைக்க முடியும். 1930 என்ற எண் அதற்காகவே இந்திய அரசு வைத்திருக்கும் உதவி எண். கணிப்பொறித் தாக்குதல்களைக் கவனிக்கும் செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு 2004 முதல் இயங்குகிறது. தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அது நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.

இந்த ஆறு மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் பயத்தில் கழிகிறது என்பது முதலாளியின் முகத்தைப் பொறுத்தது. திரும்ப அழைத்துச் சரிபார்த்தவர் தாமதம் செய்ததற்காகக் கடிந்துகொள்ளப்படாத பட்டறையில்தான் அடுத்த முறையும் அந்த அழைப்பு நடக்கும். பெரிய கம்பெனிகள் இதற்கென்று ஆட்களை அமர்த்திப் பயிற்சி தருகின்றன. சிறு பட்டறைக்கு அது கட்டாது. ஆனால் பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில் தேநீர் குடிக்கும் வசதி பெரிய கம்பெனிக்கு இல்லை. "நேற்று எனக்கு இப்படி ஒரு செய்தி வந்தது" என்று தேநீர் வேளையில் ஒருவர் சொன்னால் மற்ற பதினொருவருக்கும் அன்றே தெரிந்துவிடும். என் கருத்தில் இது விலைகொடுத்து வாங்கும் எந்த மென்பொருளுக்கும் குறைந்ததல்ல.

நீங்கள் பட்டறை நடத்தவில்லைதான். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு மளிகைக் கடையோ, தையல் கடையோ, அச்சகமோ இருக்கலாம். "இது என்ன மெசேஜ், பார்த்துச் சொல்லுப்பா" என்று அப்பாவோ அத்தையோ செல்பேசியை உங்களிடம் நீட்டியிருப்பார்கள். அந்த நொடியில் அக்கடையின் பாதுகாப்பு அதிகாரி நீங்கள்தான். பணம் வாங்குவதற்கு இரகசிய எண்ணை இடத் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். மின் கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று வரும் செய்தியைக் கண்டு பதறாமல், பழைய ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பணம் செலுத்தக் கடையில் ஒட்டியுள்ள கட்டக்குறியின்மேல் இரவோடிரவாக வேறொன்றை யாரும் ஒட்டியிருக்கிறார்களா என்று காலையில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடைக் கணக்கு இருக்கும் அதே செல்பேசியில் எங்கிருந்தோ வந்த விளையாட்டை நிறுவுவது பெரும்பாலும் கடைக்காரர் அல்லர்!

மூன்றாவது ஆபத்தான கரையானை மறந்துவிட்டோமே. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் மென்பொருள்கள்தான் இன்றைய கரையான். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற ஒன்று சில நாள்களில் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளே தடுமாறின. இதற்கு மருந்து நகல். அதுவும் கணிப்பொறியிலிருந்து கழற்றித் தனியே வைத்த நகல். ஒட்டியே இருக்கும் நகலையும் கரையான் அரிக்கும்.

நகல் எடுத்தாயிற்று என்று பலர் சொல்வார்கள். திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டுக் கடைக் கணக்கின் நகல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, கடையின் கணிப்பொறியையோ செல்பேசியையோ தொடாமல், வேறொரு கணிப்பொறியில் அதைத் திறக்க முயலுங்கள். சென்ற மாதம் பத்தாம் தேதி யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதைக் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். திறக்கவே இல்லையென்றால், திறக்கும் நகல் ஒன்றை அன்றே எடுத்து வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி செய்து பாருங்கள்.